தனித்து நிற்கும் ஆக்சைடு படலம்: பிரித்தெடுப்பதிலும் அளப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீக்கடத்தியான (குளிரில் மின்தடை சுழியாகிவிடும் பொருளான) ஒய்பிசிஓ, அதாவது யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, போன்ற அடுக்கு ஆக்சைடுகளின் மெல்லிய படலத்தை, அது வளர்ந்த படிக அடித்தளத்திலிருந்து பிரிக்க, ஸ்ட்ரான்சியம் அலுமினேட் முறை இப்போது பரவலாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டது இது. அடித்தளத்துக்கும் படலத்துக்கும் நடுவில் அலுமினேட்டை வளர்த்து, அப்புறம் தண்ணீரில் கரைத்தால் படலம் தனியே வந்துவிடும்.

வளர்க்கும்போது நேரும் தவறு, படிக அளவுப் பொருத்தத்தைக் கவனிக்காமல் விடுவது. இந்த அலுமினேட்டின் அலகுக் கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்தின்) பக்க நீளத்தில் நான்கில் ஒரு பங்கு சுமார் 3.96 ஆங்ஸ்ட்ராம், ஒய்பிசிஓ கூட்டின் இரு பக்கவாட்டு நீளங்களோ 3.82, 3.89. பொருத்தம் மோசமானால் படலத்தில் குறைகள் பெருகும், பிரியும்போது விரிசல் விடும். ஸ்ட்ரான்சியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் கால்சியம் சேர்த்தால் இடைவெளி குறையும். அலுமினேட் காற்றின் ஈரத்திலேயே கெடும் என்பதால், மேல் அடுக்கு வளரும் முன் அதை வெற்றிடக் கலத்திலிருந்து வெளியே எடுக்கவே கூடாது.

சரி, தண்ணீர்? அலுமினேட்டைக் கரைக்கும் அதே தண்ணீர் ஒய்பிசிஓவையும் சிதைக்கும்; பேரியம் ஹைட்ராக்சைடாக வெளியேறும். அதனால் மேலும் கீழும் மெல்லிய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் உறை வேண்டும். உறை இருந்தாலும் ஓரங்கள் திறந்தே கிடக்கும். ஓரப் பகுதியில் அளவெடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு முடிவெழுதும்போதுதான் நடக்கிறது. ஒய்பிசிஓ மீக்கடத்தியாகும் வெப்பநிலை சுமார் 92 கெல்வின். பிரித்த படலத்தில் அது 60ஐ ஒட்டி இறங்கினால், அடித்தளம் தந்த இழுவிசை போனதுதான் காரணம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் படலத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும் அதே 60தான் வரும். எக்ஸ்-கதிர் அளவீட்டில் அலகுக் கூட்டின் செங்குத்து அளவு நீண்டிருப்பதைச் சான்றாகக் காட்டுவதும் போதாது. பக்கவாட்டு இழுவிசை விடுபட்டாலும் அது நீளும், ஆக்சிஜன் போனாலும் நீளும். ஆகவே பக்கவாட்டு அளவுகளையும் எடுக்க வேண்டும். தண்ணீரின் பாதிப்பைத் தனியே அறிய, அதே தொகுப்பில், அலுமினேட் இல்லாமல் நேராக அடித்தளத்தில் வளர்த்த ஒரு படலத்தையும் அதே நேரம் தண்ணீரில் வைத்து ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.

மின்தடை சுழியைத் தொடவில்லை என்றால் பொருளைக் குறை சொல்லும் முன் விரிசலைத் தேடுங்கள். ஒளி நுண்ணோக்கிக்குத் தெரியாத விரிசல் அணுவிசை நுண்ணோக்கியில் தெரியும். ஆக்சிஜனில் சூடாக்கி இழப்பை ஈடுகட்டப் பார்க்கலாம். ஆனால் பிரிக்கும்போது படலத்தைத் தாங்கிப் பிடித்த பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற) அடுக்கை முழுவதும் நீக்கிவிட்டு, வெப்பம் தாங்கும் புதிய தளத்தில் படலத்தை வைத்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.