வன்னிக்கு வந்து தனியாகச் சமைக்கத் தொடங்குகிறவர்களுக்கு: மரக்கறி, மீன், முக்கியமாகச் சூரை

தமிழ்நாட்டிலிருந்து வன்னிக்கு வந்து, வாடகை அறையில் தனியாக அடுப்பு மூட்டுகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அங்கே அகதி முகாமில் பிறந்து, தாய் தகப்பனின் ஊர் கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று கேட்டுக் கேட்டே வளர்ந்து, இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறவர்கள் பலர். அறிவியல் நகர்ப் பக்கம் வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போனது திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து; சாம்பாரும் ரசமும் எனக்குப் புதிதில்லை. அங்கே உங்கள் அம்மா எப்படிச் சமைத்தா என்று உங்களுக்கே தெரியும். இங்கே எது மாறுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

காகித வேலையை முதலில் முடியுங்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் சென்னைத் துணைத் தூதரகத்தில் எடுத்த பிறப்புப் பதிவும் குடியுரிமைப் பத்திரமும் கையில் இருந்தால் பாதி வேலை ஆயிற்று. கிராம அலுவலரிடம் பதிந்து, பிரதேச செயலகத்துக்குப் போய், அடையாள அட்டைக்குக் கொடுங்கள். எல்லாவற்றிலும் நாலைந்து போட்டோக்கொப்பி வைத்திருங்கள். இதைச் சொல்லித்தர ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். குசினியைப் பற்றிச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை, எனக்கு அதில்தான் கோபம்.

காஸ் சிலிண்டர் 12.5 கிலோ. நீலம் லிட்ரோ, மஞ்சள் லாஃப்ஸ். பெரும்பாலும் வெறுஞ்சிலிண்டரைக் கொடுத்து அதே கொம்பனியின் சிலிண்டரைத்தான் மாற்றுவார்கள். உங்கள் சந்திக் கடைக்கு எது ஒழுங்காக வருகிறது என்று கேட்டுவிட்டு முதல் சிலிண்டரை வாங்குங்கள். 2022 இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. அதற்குப் பிறகு வீட்டுக்கார அம்மாமார் பலர் விறகடுப்பைக் கைவிடவில்லை. பின்பக்கம் ஒரு அடுப்பு இருந்தால் அதில் சமைக்கப் பழகுங்கள். மண்சட்டிக் குழம்புக்கு அதுதான் சரி.

அறை எடுக்கும்போதே ஒன்றைக் கேளுங்கள்: மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கலாமா, எந்தெந்த நாளில் கூடாது? இங்கே சைவ வீடுகளில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை மீன் பொரித்து வீட்டுக்காரரின் முகம் கறுத்த கதைகள் நிறைய உண்டு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வருகிற நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் பல வீடுகள் கழுவி மெழுகிச் சைவத்துக்கு மாறிவிடும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரு குறையும் வராது. கடைச் சாப்பாட்டில் மட்டும் கண் வையுங்கள். போத்தலில் விற்கும் சீனிச்சம்பலில் பெரும்பாலும் மாசி இருக்கும். மாசி என்பது அவித்து, புகையூட்டி, காயவைத்த சூரை மீன். இடித்துப் போட்டால் கண்ணுக்கே தெரியாது. கடைச் சம்பலிலும் கறியிலும் “மாசி போட்டதோ?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்; ஒருவரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

தண்ணீர் அடுத்தது. பல கிணறுகளில் கடுந்தண்ணீர். கேத்தலை நாலு நாள் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கும். அந்தத் தண்ணீரில் கடலையோ துவரம் பருப்போ போட்டால் கல்லுக் கல்லாகக் கிடக்கும். பருப்புப் பழசு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தண்ணீரில் இருக்கும் கல்சியம் பருப்பை இறுக்கிவிடுகிறது. கடலை, பயறு என்றால் இரவே ஊறவிட்டு, அவிக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள். அல்லது மழைத்தண்ணீரிலோ, குடிக்க வாங்கும் ஆர்.ஓ தண்ணீரிலோ அவியுங்கள். தொடக்கத்தில் மைசூர்ப் பருப்பே போதும். கழுவி, மஞ்சள், உள்ளி (பூண்டு), பச்சை மிளகாய், வெங்காயத்தோடு மூடி அவித்தால் கால்மணித்தியாலத்தில் மலர்ந்துவிடும். பிறகு உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டு ஒரு கொதி. குக்கர் தேவையே இல்லை.

தேங்காய்ப்பால்தான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. துருவலைப் பிழிந்தெடுக்கும் முதற்பாலைத் தனியாக எடுத்துவையுங்கள். திரும்பவும் தண்ணீர் விட்டுப் பிழிகிற இரண்டாம் பாலில் காய் அவிய வேண்டும், முதற்பால் கடைசியில்தான். கத்தரிக்காய், வெண்டிக்காய், பூசணி, உருளைக்கிழங்கு எதுவானாலும் வெள்ளைக்கறிக்கு இதே முறைதான். முருங்கையிலை வறைக்கு இலையை ஆய்ந்து, குறுணி குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் (துருவல்) செத்தல் மிளகாயும் சேர்த்து வெறும் சட்டியில் வதக்கினால் காணும். முருங்கை இல்லாத வளவு வன்னியில் அரிது, அயலில் கேட்டால் கொப்போடு முறித்துத் தருவார்கள். சந்தையில் வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை எல்லாம் கட்டுக் கட்டாகக் கிடக்கும். எருமைத் தயிர் முட்டியோடு வாங்கலாம். அதோடு ஆட்டக்காரி அரிசிச் சோறும் ஒரு வல்லாரைச் சம்பலும் இருந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். இவ்வளவு ருசியான ஊருக்கு வந்து பாணும் (பிரெட்) முட்டையுமாக நாளைக் கடத்துகிற பிள்ளைகளைக் கண்டால் மனம் பொறுக்குதில்லை.

இனி மீன். இதைச் சொல்லத்தான் முழுவதும் எழுதத் தொடங்கினேன்.

என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் முகாமிலிருந்து வந்து கிளிநொச்சியில் அறை எடுத்து வயரிங் வேலை செய்கிறான். இறைச்சி தொடமாட்டான்; மரக்கறியும் மீனும்தான். நன்றாகச் சமைப்பான். சித்திரை வெயிலில் வேலை முடிந்து வருகிற வழியில், றோட்டோரம் மோட்டார் சைக்கிள் மீன்காரரிடம் சூரை வாங்கியிருக்கிறான். பின்னால் கட்டியிருந்த றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் என்று ஒன்றும் மிச்சமில்லை. அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி, அதற்குள் வெட்டிய துண்டுகள். தலை இல்லை, செவுள் இல்லை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. “காலமை வந்த மீன், தம்பி” என்று சொல்லி விலையையும் குறைத்துக் கொடுத்திருக்கிறார். மணந்து பார்த்தானாம், கெட்ட மணம் இல்லையாம். நல்ல பழப்புளி விட்டு, வறுத்த தூள் போட்டு, எண்ணெய் மிதக்கக் கொதிக்கவைத்து, அறைத் தோழனும் அவனுமாகச் சாப்பிட்டார்கள்.

கோப்பை கழுவ முதலே முகம் நெருப்பாக எரிந்தது. கழுத்து, நெஞ்சு எல்லாம் சிவந்து தடித்தது. தலையிடி, நெஞ்சு படபடப்பு, வயிற்றோட்டம். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, இரவு வைத்திருந்து, “உமக்கு மீன் அலேர்ஜி, இனி வாழ்நாளில் மீன் சாப்பிடாதையும்” என்று அனுப்பிவிட்டார்கள். நாட்கூலி போனது ஒரு பக்கம். அவன் அதை நம்பி மாதக்கணக்காக மீனை ஒதுக்கிவிட்டு, கடலுக்குக் கிட்டவுள்ள ஊரில் பருப்பும் பாணுமாக இருந்தான். ஒரே சட்டியில் சாப்பிட்ட தோழனுக்கும் முகம் சிவந்ததே, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அலேர்ஜி வருமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பிறகு தெரிந்த வைத்தியர் ஒருவர் கதையைக் கேட்ட உடனேயே அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

அது ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கும்பளா, சூடை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்த பிறகு வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலேர்ஜி வரும்போது நம் உடம்பே சுரக்கிற பொருள்தான் ஹிஸ்டமின். இங்கே அது கறியோடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. அதனால்தான் பார்க்க அலேர்ஜி மாதிரியே இருக்கும். நன்றாகக் கொதித்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். கிருமி சாகும், ஹிஸ்டமின் சாகாது. பொரித்தாலும் போகாது, பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது. மஞ்சளும் உப்பும் பூசி வைத்தால் காணும் என்பதும் சரியில்லை. மீன் கெட்டதாக மணக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில நேரம் நாக்கில் மிளகு பட்டதுபோல ஒரு காரம் தெரியும். தூள் போட்ட நம் குழம்பில் அதை எப்படிப் பிடிப்பது?

ஆகவே கவனிக்க வேண்டியதெல்லாம் வாங்கும்போதுதான். சூரை, கும்பளா வகை வேண்டுமென்றால் காலையில் வாங்குங்கள், முழு மீனாக வாங்குங்கள். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமத்தினால் சதை திரும்பி வர வேண்டும். இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஐஸ். பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மீன் இருக்கிற அளவுக்கு ஐஸும் இருக்க வேண்டும். ஐஸ் கரைந்த பெட்டியில் சூரை எவ்வளவு மலிவாகக் கிடந்தாலும் கை வைக்காதீர்கள். பின்னேரத்தில் வெட்டிவைத்த துண்டு வேண்டவே வேண்டாம். வாங்கியதும் பையில் இரண்டு பிடி ஐஸ் கேளுங்கள், வழியில் தேத்தண்ணீர்க் கடையில் நின்று கதைக்காமல் வீட்டுக்குப் போங்கள். குளிர்சாதனப்பெட்டி இல்லையென்றால் அப்போதே வெட்டிக் கழுவி அடுப்பில் ஏற்றுங்கள்.

சமையலுக்குப் புதியவர்கள் ஒட்டி, விளை, மணலையில் தொடங்குவது நல்லது. ஹிஸ்டமின் பயம் இவற்றில் குறைவு. பழுதானால் மணமே காட்டிக்கொடுக்கும். நந்திக்கடல் இறால் கிடைத்தால் விடாதீர்கள், அந்த இனிப்பு வேறு இறாலில் இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் குழம்பிக் கிடக்கும்போது மீன் தூரத்திலிருந்து வரும், விலையும் ஏறும். அந்த நாட்களில் இரணைமடு, முத்தையன்கட்டுக் குளத்து மீனுக்கு மாறுங்கள். விரால் உயிரோடேயே கிடைக்கும். திலாப்பியாவின் சேற்று மணத்துக்கு உப்பும் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளியும் போட்டு உரசிக் கழுவினால் போதும். பேத்தை மீனை (உடம்பை ஊதிக்கொள்கிற மீன்) மட்டும் யார் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். அதன் நஞ்சு ஆளைக் கொல்லும், சமைத்தாலும் போகாது.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, எரிந்து, நெஞ்சு அடித்தால் மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள். பிரிற்றன் (அலேர்ஜிக் குளிசை) போட்டுக்கொண்டு படுத்துவிடலாம் என்று அயலில் சொல்வார்கள்; அதோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் போங்கள். மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வைத்தியரிடம் மூன்று விஷயங்களை நீங்களாகவே சொல்லுங்கள்: என்ன மீன், எத்தனை மணிக்கு எப்படி வாங்கியது, கூடச் சாப்பிட்ட வேறு யாருக்கும் இப்படி வந்ததா. உண்மையான மீன் அலேர்ஜியும் உலகத்தில் உண்டு, அதை நீங்களே தீர்மானிக்காதீர்கள். ஆனால் அவர்கள் தீர்மானிப்பதற்கு இந்த மூன்றும் வேண்டும். அவசரத்தில் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

முதல் மீன் சமையலாகச் சொதி வையுங்கள். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்ச வெந்தயம், மஞ்சள் போட்டு வெங்காயம் அவியும் மட்டும் விடுங்கள். ஒட்டி மீனை உப்போடு போட்டு, ஐந்தாறு நிமிடத்தில் சதை வெள்ளையானதும் முதற்பாலை விட்டு நெருப்பைக் குறையுங்கள். பால் பொங்கக் கூடாது; அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நில்லுங்கள், மீனைக் கிளறினால் உடைந்துவிடும். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகுதான் விட வேண்டும், அடுப்பில் வைத்து விட்டால் பால் திரைந்துவிடும். மரக்கறிக்காரர்கள் மீனுக்குப் பதிலாகத் தக்காளியோ அவித்த உருளைக்கிழங்கோ போடுங்கள். சொதியோடு சாப்பிட, மாவிடித்து இடியப்பம் அவிக்கிற வீடு பக்கத்தில் இருந்தால் சொல்லிவைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.