குழாயில் தண்ணீர் கசிகிறதா? இடத்தைக் கண்டுபிடித்து நீங்களே சரிசெய்யலாம்

ராத்திரி தொட்டி நிறைய மோட்டார் போட்டுவிட்டுப் படுக்கிறோம். காலையில் பார்த்தால் நாலு விரல்கடை இறங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் இது ஒரு வாரம் நடந்தது. யார் குழாயைத் திறந்து விட்டது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் பின்பக்கச் சுவரில், செம்பருத்திச் செடிக்குப் பின்னால் இருந்த ஓர் எல்போ, அதாவது குழாய் திரும்பும் இடத்தில் போடும் வளைவு இணைப்பு, கசிந்துகொண்டிருந்தது.

அதை மாற்ற அரை மணி நேரம்தான் ஆனது. கண்டுபிடிக்கத்தான் மூன்று ராத்திரி.

முதலில் ஒரு குச்சி போதும்

இரவு எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டிக்குள் நீளமான குச்சி ஒன்றை அடிவரை நேராக விடுங்கள். ஈரம் ஏறிய இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். விடிந்ததும், யாரும் தண்ணீர் திறப்பதற்கு முன், மறுபடி அதே குச்சி. தொட்டியின் குறுக்களவு 110 செ.மீ. என்றால் 1 செ.மீ. இறக்கம் ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர். 3 செ.மீ. இறங்கியிருந்தால் இரண்டு வாளித் தண்ணீர் போயிருக்கிறது.

மறுநாள் இரவு, தொட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாயில் உள்ள கேட் வால்வை மூடிவிட்டு அதே சோதனை. மட்டம் அப்படியே நின்றால் கசிவு வால்வுக்குப் பிறகு எங்கோ இருக்கிறது. அப்போதும் இறங்கினால் தொட்டியையும் அதன் அடியில் குழாய் கிளம்பும் இடத்தையும் பாருங்கள். பழைய கேட் வால்வு சில சமயம் முழுக்க மூடாது, அதையும் மனதில் வையுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் தனித்தனி வால்வு இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், ஒரு ராத்திரிக்கு ஒன்றாக மூடிப் பார்க்கலாம்.

சுவரைச் சந்தேகப்படும் முன் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியைப் பார்த்துவிடுங்கள். துணிக்குப் போடும் நீலத்தை அதில் நாலு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கழிப்பறைப் பேசினில் நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் காரணம். குழாய் வேலையே இல்லை.

இன்னொன்று, மோட்டாரிலிருந்து மேலே ஏறும் குழாய். அது பெரும்பாலும் மோட்டார் ஓடும்போதுதான் கசியும். குச்சிச் சோதனையில் தெரியாது. மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தக் குழாயோடு ஒரு நடை நடந்து பாருங்கள்.

சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு

நான் ஏமாந்தது இங்கேதான். கசியும் தண்ணீர் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, தாழ்வான இடத்தில் வந்து சொட்டும். கீழே சொட்டிய வளைவைத்தான் நான் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான வெடிப்பு அதற்கு ஆறடி மேலே இருந்தது.

செய்ய வேண்டியது இது: குழாய் முழுவதையும் பழைய துணியால் உலரத் துடையுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுற்றி நூலால் கட்டுங்கள். எந்தத் தாள் முதலில் நனைந்து கறுக்கிறதோ அங்கேதான். போர் தண்ணீர் வீடுகளில் இன்னும் சுலபம். நாள்பட்ட கசிவில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

பெரும்பாலும் இணைப்பில்தான் கசியும். குழாயின் நடுவில் கசிந்தால் எலி கடித்திருக்கும், ஆணி பட்டிருக்கும், அல்லது மொட்டை மாடி வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்து மொரமொரப்பாகியிருக்கும்.

மேலே பூசினால் ஏன் நிற்காது

எல்லோரும் முதலில் செய்வது, வெடிப்பின் மேல், பிளாஸ்டிக் குழாய்களை இணைக்கும் சால்வென்ட் சிமென்ட்டை அப்புவது. அது பசை இல்லை. பிளாஸ்டிக்கின் மேல் தோலைக் கரைக்கும். குழாயும் இணைப்பியும் இரண்டும் கரைந்து ஒன்றோடொன்று அழுந்தி உறையும்போதுதான் அவை ஒரே துண்டாகின்றன. ஈரமான வெடிப்பின் மேல் பூசினால் அழுந்த எதுவும் இல்லை. பழைய இணைப்பைச் சுற்றிப் பூசுவதும் அப்படித்தான். வெட்டி எடுத்துப் புதிது போடுவது ஒன்றே வழி.

இன்றைக்குக் கடை திறக்காது என்றால், பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, கம்பியால் கட்டுங்கள். தொட்டித் தண்ணீரின் அழுத்தம் குறைவு. 10 மீட்டர் உயரத்துக்கே சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தான். ஒரு ராத்திரி தாங்கும்.

கடைக்கு வெட்டிய துண்டோடு போங்கள்

"முக்கால் இஞ்சு கப்ளர் ரெண்டு குடுங்கண்ணே" என்று, இரண்டு குழாயை நேராக இணைக்கும் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் குழாய் அதற்குள் லொடலொடவென்று ஆடுகிறது. திரும்பப் போனேன். "வெள்ளைக் குழாயா, சந்தன கலரா? அதை முதல்ல சொல்லணும் தம்பி" என்றார் கடைக்காரர். வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் யூபிவிசி, பச்சைத் தண்ணீருக்கு. சந்தன நிறம் சிபிவிசி, கெய்சர் வெந்நீருக்கும் தாங்கும். இரண்டையும் முக்கால் இஞ்சு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வெளி விட்டம் யூபிவிசியில் 26.7 மி.மீ., சிபிவிசியில் 22.2 மி.மீ. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது. சால்வென்ட்டும் அந்தந்த வகைக்குத் தனி. டின்னில் போட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

ஓர் எல்போ, ஒரு கப்ளர், ஒரு யூனியன் (மரையால் திருகிச் சேர்க்கும் இணைப்பு), ஒன்றரை அடிக் குழாய், சின்ன சால்வென்ட் டின், ஹாக்ஸா பிளேடு, உப்புத்தாள். இவ்வளவுதான்.

வெட்டி ஒட்டுவது

வால்வை மூடி, கீழே உள்ள குழாய்களைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். கெய்சர் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

எல்போவுக்கு இரண்டு பக்கமும் நாலு விரல்கடை தள்ளி வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் ஒரு தாளைச் சுற்றி, ஓரம் ஓரத்தோடு பொருந்த வைத்துக் கோடு போட்டால் வெட்டு கோணாது. கோணலான வெட்டு சாக்கெட்டின் (இணைப்பியில் குழாய் செருகும் வாய்) அடியில் சரியாக உட்காராது. பிசிறை உப்புத்தாளால் எடுத்து, வெளி விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிடுங்கள்.

இப்போது சால்வென்ட் இல்லாமல் செருகிப் பாருங்கள். பாதி அல்லது முக்கால்வாசி போய் இறுகினால் சரியான பொருத்தம். முழுக்கப் போகாது, ஏனென்றால் சாக்கெட் உள்ளே போகப்போகக் குறுகும். சால்வென்ட் பூசிய பிறகுதான் அடிவரை போகும். அதனால் துண்டு வெட்டும்போது கண்ணால் அளக்காமல், சாக்கெட்டின் ஆழத்தை ஸ்கேலால் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

புது எல்போவில் இரண்டு துண்டுகளை ஒட்டித் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கப்ளர், மறுபக்கம் யூனியன் போடுங்கள். சுவரோடு கிளாம்ப் அடித்த குழாயை இழுத்து வளைத்துக் கடைசி இணைப்பைச் செருக முடியாது. யூனியன் இருந்தால் மரையைத் திருகி முடித்துவிடலாம்.

ஒட்டும்போது இரண்டு பரப்பும் காய்ந்திருக்க வேண்டும். சாக்கெட்டுக்குள் மெல்லியதாக, குழாயின் மேல் தாராளமாகப் பூசி, உடனே செருகி, கால் திருப்பு திருப்பி, முப்பது எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். விட்டால் குழாய் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். என் முதல் இணைப்பு அப்படித்தான் அரை செ.மீ. வெளியே வந்து நின்றது. அதையும் வெட்டி எறிந்தேன். சால்வென்ட் ஆவி தலையைச் சுற்றவைக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் யாரும் பீடி பிடிக்க வேண்டாம்.

வால்வு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், குழாய்க்குள் வெள்ளை பிரெட் துண்டை உருட்டி அடைப்பார்கள். ஒட்டி முடியும் வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும், பிறகு கரைந்து வந்துவிடும்.

திருகும் இணைப்பில் கசிந்தால் டெஃப்லான் டேப். மரையை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் பத்துச் சுற்று. கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம்தான். மூச்சைப் பிடித்து இறுக்கினால் பிளாஸ்டிக் மரை அங்கேயே வெடிக்கும். சணல் சுற்றிப் பெயிண்ட் தடவுவதெல்லாம் இரும்புக் குழாய்க் காலத்துப் பழக்கம்.

சுவருக்குள் புதைத்த குழாய் என்றால் டைல்ஸ் உடைக்கும் முன் பிளம்பரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

தண்ணீர் விடும்போது

எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று டின்னிலேயே போட்டிருக்கும். நான் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து திறப்பதில்லை, மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். முதலில் குழாய் புஸ்புஸ்ஸென்று காற்றைத் துப்பும். அது நிற்கும் வரை எல்லாக் குழாயையும் திறந்தே வைத்துவிட்டு மூடுங்கள். புது இணைப்புகளில் மறுபடி செய்தித்தாளைச் சுற்றிவிட்டுப் படுங்கள். எங்கள் வீட்டு எல்போவில் கட்டிய தாள் காலையில் காய்ந்தே இருந்தது, குச்சியிலும் ஈரம் அதே கோட்டில் நின்றது.