பெண்கள் கல்லூரி சாஃப்ட்பால்: ஒரே தோளை நம்பும் அணிகளும் வேறு சில தவறுகளும்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் தொடங்கும்போதெல்லாம், நாங்கள் விளையாடிய நாட்களில் செய்த அதே பிழைகளைப் புதிய அணிகள் அப்படியே செய்வதைப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் த்ரோபாலோ கிரிக்கெட்டோ ஆடிவிட்டு, பேஸ்பாலின் உறவான சாஃப்ட்பாலைக் கல்லூரி முதலாண்டில்தான் தொடும் பெண்கள் பலர். மட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்கு ஓடுவது போன்றவை சில நாள் பயிற்சியில் மறைந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தானாக மறையாத தவறுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

43 அடியைக் காலடியால் அளப்பது

டேப் வைத்து அளந்து குறியிடுங்கள். பந்து வீசும் பிட்சர் நிற்கும் தட்டின் முன்விளிம்பிலிருந்து, மட்டையாளர் அருகே உள்ள ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 43 அடி. 40 அடியில் பழகியவளின் டிராப் பந்து (கடைசியில் கீழே சரியும் பந்து), போட்டியன்று பிளேட்டுக்கு முன்பே மண்ணில் குத்தும்.

பேஸ்பால் காணொளி பார்த்து ஓடக் கற்பது

பேஸ்பாலில் ஓட்டக்காரர் பேஸை விட்டுச் சில அடி முன்னேறி நிற்கலாம். நம் ஆட்டத்தில், பிட்சரின் கையை விட்டுப் பந்து நீங்கும்வரை கால் பேஸைத் தொட்டிருக்க வேண்டும், முந்தினால் அவுட். பேஸ்களுக்கு நடுவே 60 அடிதான் என்பதால், கிளம்பும் நொடியில்தான் ஸ்டீலின், அதாவது பந்து வீசப்படும்போதே அடுத்த பேஸைப் பறிக்கும் ஓட்டத்தின், வெற்றி இருக்கிறது. பிட்சரின் கை இடுப்பருகே வரும் தருணத்தைக் கவனித்துக் கிளம்பப் பழக்குங்கள்.

ஒரே பிட்சரோடு போட்டிக்குப் போவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒரு மண்டலப் போட்டியின் அரையிறுதி. எதிரணிப் பிட்சர் இரண்டாமாண்டு மாணவி. காலையிலிருந்து அது அவளுக்கு மூன்றாவது ஆட்டம். நான்காவது இன்னிங்ஸில் பந்துகள் மேலேறத் தொடங்கின. ஒவ்வொரு பந்துக்கும் முன்பு கையை உதறிக்கொண்டாள். பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் இரண்டு முறை எழுந்து அவளிடம் போய்ப் பேசினாள். கோட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர், “முடியுமாம்மா?” என்று கேட்டார். “முடியும் சார்.” அடுத்தடுத்து இருவருக்கு வாக் (தவறான பந்துகளால் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கொடுத்தாள், அதற்கடுத்த பந்து இடப்புற அவுட்ஃபீல்டைத் தாண்டியது. ஆட்டம் முடிந்த பிறகு தலைமுடியைக் கட்டக்கூட அவளால் கையைத் தூக்க முடியவில்லை. தோழி கட்டிவிட்டாள்.

முடியுமா என்று கேட்பதே தவறு. அணி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்ணும் முடியாது என்று சொல்லமாட்டாள்.

கீழ்க்கை வீச்சு தோளுக்குக் கேடு செய்யாது என்ற நம்பிக்கைதான் இதன் வேர். உடற்கல்வித் துறையில் இருப்பவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். விண்ட்மில் எனப்படும் இந்தக் கீழ்க்கை வீச்சில் கை முழு வட்டம் சுற்றி வருகிறது. பந்தை விடும் தருணத்தையொட்டி, முன்தோளில் உள்ள பைசெப்ஸ் தசைநாண் பெரும் இழுவிசையைத் தாங்குகிறது. ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது, தோளின் மீது விழும் விசை பேஸ்பாலின் மேல்கை வீச்சோடு ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது. வேகம் பிறப்பது கால் உந்துதலிலும் இடுப்பிலும். கால் சோர்ந்ததும் அந்தக் குறையைக் கை ஈடுகட்டுகிறது. காயம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

சரி, கையே தாங்கினாலும் ஆட்டம் தாங்குமா? அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.விலும் பந்து எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. ஒக்லஹோமா சிட்டியில் நடந்த 2025 மகளிர் கல்லூரி உலகத் தொடரில், இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டம் முடியும்வரை டெக்சஸ் டெக் அணியின் அத்தனை பந்துகளையும் நைஜாரி கேனடி ஒருவரே வீசினார். மூன்றாவது ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே எதிரணியான டெக்சஸ் 5 ரன் எடுத்தது. அத்துடன் கேனடி பந்துவீச்சை விட்டு விலகினார். டெக்சஸ் 10–4 என்று வென்று பட்டம் பெற்றது. அந்நாட்டின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர் கேனடி. பந்தின் சுழற்சியையும் அதை விடும் இடத்தையும் மட்டையாளர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் படித்துக்கொள்வார்கள்; சோர்ந்த கையைப் படிப்பது அதைவிட எளிது. பிசியோதெரபிஸ்ட் கூட உடன் வராத நம் அணிகள் எந்த தைரியத்தில் இதைச் செய்கின்றன?

கல்வியாண்டு தொடங்கும் ஜூனிலேயே குறைந்தது மூன்று பேருக்கு விண்ட்மில் கற்றுக்கொடுங்கள். எளிதான முதல் ஆட்டத்தை இரண்டாம் பிட்சரிடம் ஒப்படையுங்கள். அவள் ரன்களை வாரி வழங்கிவிடுவாள் என்று அஞ்சுகிறார்கள். வழங்கட்டும், அந்த ஆட்டத்தில் கற்றுக்கொள்ளாமல் இறுதிப்போட்டியிலா கற்பாள்? தொடக்க அணியில் இருந்தவர் மாற்றப்பட்டால், மட்டை வரிசையில் தன் பழைய இடத்துக்கு ஒருமுறை திரும்பி வரலாம் என்று விதி இருக்கிறது. இதை அறியாத பயிற்சியாளர்களே, எடுத்தால் போய்விடும் என்று சோர்ந்த பிட்சரைக் கடைசிவரை நிறுத்தி வைக்கிறார்கள்.

மாற்று வீராங்கனை ஒருவரிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்துப் பந்துகளை எண்ணச் சொல்லுங்கள். வார்ம்-அப் பந்துகளும் கணக்கில் சேர வேண்டும். எந்த எண்ணிக்கையில் மாற்றுவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஆட்டச் சூட்டில் எடுக்கும் முடிவு எப்போதும் இன்னும் ஓர் இன்னிங்ஸ் என்றுதான் இருக்கும். நடுவில் சந்தேகம் வந்தால் கேட்சரைக் கேளுங்கள். பந்து கையுறையில் விழும் அழுத்தம் குறைவதை முதலில் உணர்பவள் அவள்தான்.

தண்ணீர் குடிக்காமல் விளையாட விடுவது

பல மைதானங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, இருந்தால் பூட்டியிருக்கும். அதனால் காலையிலிருந்தே அவர்கள் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் இந்தத் துன்பம் இரட்டிப்பு. மதிய வெயிலில் தசைப்பிடிப்பு வந்து விழுந்தால், உடல் வலு போதாது என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்கிறார்கள். மைதானத்தில் இறங்கியதும் கழிப்பறையைக் கண்டுபிடித்துச் சாவி வாங்குவது பயிற்சியாளரின் முதல் வேலை. வார்ம்-அப் அதற்குப் பிறகுதான்.

கட்டாந்தரையில் ஸ்லைடு பழக்குவது

முழங்கால் கிழிந்தவள் அடுத்த முறை பேஸை நோக்கிச் சறுக்கத் தயங்குவாள். அந்தத் தயக்கத்தில்தான் கணுக்கால் பிசகும். தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் ஊற்றி அதில் பழக்குங்கள். காலணியைக் கழற்றிவிட்டுத் தொடங்கலாம்.

முகக்கவசம் இல்லாமல் மூன்றாம் பேஸில் நிற்பது

கூடாது.

கேட்சர் மூன்றாவது ஸ்டிரைக்கைத் தவறவிட்ட பிறகும் நிற்பது

முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, ஏற்கெனவே இருவர் அவுட் ஆகியிருந்தாலோ, மட்டையாளர் இன்னும் அவுட் ஆகவில்லை; முதல் பேஸுக்கு ஓடுங்கள்.