இன்டர்வியூவில் வரும் இரண்டு முட்டைப் புதிர்: பாலைப்பழக் கொட்டை வைத்து ஒரு விளக்கம்

கொழும்புக் கம்பனி ஒன்றின் இன்டர்வியூ, ஒன்லைனில். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையின் ஒரு மூலையில்தான் சிக்னல் கொஞ்சம் நிலைத்து நிற்கும். அந்த மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது:

100 மாடிக் கட்டடம். கையில் ஒரே மாதிரியான 2 முட்டைகள். எந்த மாடியிலிருந்து போட்டால் முட்டை உடையத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிலைமை எவ்வளவு மோசமாகப் போனாலும், இத்தனை தடவைக்குள் முடித்துவிடுவேன் என்று சொல்லக்கூடிய ஆகச் சிறிய எண் எது?

நான் யோசிக்காமல் "பைனரி சேர்ச்" என்றேன். முதலில் 50ஆம் மாடியில் போடுவேன். "உடைந்தால்?" என்று இன்டர்வியூ எடுத்தவர் கேட்டார். உடைந்தால் மிச்சம் ஒரு முட்டை. அதை வைத்து 1, 2, 3 என்று 49 வரை ஏற வேண்டியதுதான். மொத்தம் 50. பிறகு பத்துப் பத்தாகப் போகலாம் என்று சொல்லி 19க்கு இறக்கினேன். "இன்னும் குறைக்கலாம்" என்றார். என்னால் முடியவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

பிறகு வீட்டில் மூன்று நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பைனரி சேர்ச்சை விளக்கப்போவதில்லை. பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது, அவ்வளவுதான்.

படி 1: கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்

உடையாத முட்டையை மறுபடியும் போடலாமா? போடலாம். 100ஆம் மாடியிலும் உடையாமல் இருக்கலாமா? இருக்கலாம். ஒரு மாடியில் உடைந்தால் அதற்கு மேலே எங்கிருந்து போட்டாலும் உடையுமா? உடையும். இரண்டு நிமிட வேலை. நான் இதைச் செய்யவே இல்லை.

படி 2: முட்டாள்தனமான விடையை முதலில் சொல்லுங்கள்

முட்டை ஒன்றே ஒன்று என்றால் வேறு வழியில்லை, கீழிருந்து ஒவ்வொரு மாடியாக ஏற வேண்டும். மோசமான நிலையில் 100 தடவை. இதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முதல் முட்டை உடைந்த பிறகு நாம் வந்து நிற்கப்போவதும் இதே இடத்தில்தான்.

படி 3: பத்துப் பத்தாகப் போவதில் என்ன பிழை?

10ஆம் மாடியில் உடைந்தால் 1 + 9 = 10 தடவை. 100இல் உடைந்தால் 10 + 9 = 19. கீழே உடைந்தால் மலிவு, மேலே உடைந்தால் விலை கூட. கீழே மிஞ்சுவதை மேலே கொண்டுவர முடிந்தால் 19 குறையும். இவ்வளவும் எனக்குப் பிடிபட்டது. எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் மூன்று நாளும் போனது.

படி 4: நான் விழுந்த இடம்

அப்போது பாலைப்பழக் காலம். தம்பி பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை விறாந்தையில் பரப்பி வைத்திருந்தான். அவற்றில் 14ஐ எடுத்து, ஒரு தடவை முட்டை போட்டால் ஒரு கொட்டையைத் தள்ளி வைப்பது என்று விளையாடிப் பார்த்தேன். (14 எங்கிருந்து வந்தது? 19க்குக் கீழே ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

முதல் முட்டையை எங்கே போடலாம்? போட்டதும் ஒரு கொட்டை போய்விடும். உடைந்தால் மிச்சம் 13 கொட்டை, ஒரு முட்டை. அதை வைத்து 13 மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆகவே 14ஆம் மாடி வரை துணிந்து போகலாம். 15க்குப் போனால் கொட்டை பற்றாது.

சரி, 14இல் உடையவில்லை. அடுத்தது எங்கே? நான் 28 என்றேன். பக்கத்தில் இருந்த தம்பி, "அக்கா, கையில பதின்மூண்டு கொட்டைதானே கிடக்கு?" என்றான். எனக்கு விளங்கியது அந்த நேரத்தில்தான். இப்போது போட்டால் 12 மிஞ்சும். உடைந்தால் 12 மாடிகளைத்தான் பார்க்க முடியும். ஆகவே இந்தத் தடவை தாவ வேண்டியது 13 மாடி: 14 + 13 = 27. அதற்கடுத்து 12 கூட்டி 39. தாவல் ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது, ஏனென்றால் கொட்டை ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது.

மாடிகள் இப்படி வரும்: 14, 27, 39, 50, 60, 69, 77, 84, 90, 95, 99, 100. எங்கே உடைந்தாலும் 14க்குள் முடிந்துவிடும்.

13 கொட்டை போதாதா? 13 + 12 + 11 … + 1 = 91. நூறுக்கு எட்டாது. 14இலிருந்து தொடங்கிக் கூட்டினால் 105, தாராளம். விடை 14.

கவனித்துப் பாருங்கள், கேள்வியே தலைகீழாகிவிட்டது. "100 மாடிக்கு எத்தனை தடவை?" என்பதை விட்டுவிட்டு, "கையில் இத்தனை தடவை இருந்தால் எத்தனை மாடியைச் சமாளிக்கலாம்?" என்று கேட்கிறோம். முதல் கேள்வியோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். இரண்டாவது கேள்விக்குக் கால் மணித்தியாலம் போதுமாக இருந்தது.

படி 5: கோட் (நிரல்)

வெட்டி ஒட்டினால் மண்டையில் ஏறாது என்பதால் நிரலை இங்கே போடவில்லை. விதி ஒரு வரிதான்: சமாளிக்கக்கூடிய மாடிகள் = (ஒரு தடவையும் ஒரு முட்டையும் குறைத்தால் வருவது) + (ஒரு தடவை மட்டும் குறைத்தால் வருவது) + 1. முதல் பகுதி முட்டை உடைந்தால், இரண்டாவது உடையாவிட்டால், அந்த 1 இப்போது போட்டுப் பார்த்த மாடி. தடவையோ முட்டையோ பூச்சியமானால் விடையும் பூச்சியம். 100ஐத் தொடும்வரை தடவையை ஒன்றொன்றாகக் கூட்டும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒன்று போடுங்கள். பைத்தன் என்ற நிரல் மொழியில் பத்து வரிக்குள் அடங்கும். பைத்தன் 3இல் மாறிகளுக்கு "முட்டை", "மாடி" என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும். வீட்டில் நான் அப்படித்தான் எழுதிப் பழகினேன். இன்டர்வியூவில் வேண்டாம்.

எதில் பழகுவது?

சதுரம் சதுரமாகக் கோடு போட்ட கணக்குக் கொப்பியும் பென்சிலும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது வந்த பழக்கம், இன்னும் விடவில்லை. கொப்பியில் 6 மாடிக்குச் சரியாக வந்த பிறகுதான் கணினியைத் தொடுவேன். லப்டொப் இல்லாவிட்டால் போனில் பைத்தனை ஓட்டும் பைட்ராய்ட் 3 என்ற செயலி போதும். சாட்ஜிபிடியிடம் முதலிலேயே கேட்பது எனக்குப் பிடிக்காது. விடை உடனே வந்துவிடும், "உடைந்தால்?" என்ற கேள்விக்கு மட்டும் வாய் வராது.

பின்சேர்க்கை 1: 14க்குப் பிறகு 28இல் போட்டால் ஒரு மாடிதானே வித்தியாசம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 28இல் உடைந்தால் 15 முதல் 27 வரை 13 மாடிகள் பாக்கி. ஏற்கெனவே 2 தடவை போட்டாயிற்று. 2 + 13 = 15. அந்த ஒரு மாடிதான் கவிழ்க்கிறது.

பின்சேர்க்கை 2: ஒருவருடைய நிரல் விடிய விடிய ஓடியும் முடியவில்லையாம். அவர் "இத்தனை மாடிக்கு எத்தனை தடவை?" என்ற பக்கமிருந்து ரிகர்ஷன் (தன்னைத்தானே திரும்ப அழைக்கும் நிரல்) எழுதியிருக்கிறார். அது 99, 98, 97 என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்கும். ஒரு மாடி கூடினால் வேலை இரண்டு மடங்காகும். ஒருமுறை கண்ட விடையை ஒரு டிக்ஷனரியில் (பைத்தனில் விடைகளைக் குறித்துவைக்கும் பட்டியல்) போட்டுவைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடியும்.

பின்சேர்க்கை 3: மூன்று முட்டை என்றால்? 9 தடவை. முதல் முட்டை 37ஆம் மாடியில், ஏனென்றால் உடைந்தால் மிஞ்சும் 8 தடவையும் 2 முட்டையும் 36 மாடிகளைச் சமாளிக்கும். மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். பாலைக்காலம் முடிந்துவிட்டது, புளியங்கொட்டையும் சரிவரும்.