ஆடிஷன் முடிந்தாயிற்று: முடிவு வரும்வரை செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலேயே தாங்கள் வாசித்த வீடியோவை அனுப்பிவிட வேண்டும். அதில் தேறியவர்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நேரடி ஆடிஷன். பெரும்பாலான கல்லூரிகளின் முடிவு ஏப்ரல் 1-ஐ ஒட்டி வரும். எங்கே சேரப்போகிறோம் என்று சொல்ல மே 1 வரை நேரம். ஆடிஷனுக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்கள் வீட்டையே ஆட்டிவைத்துவிடும். அப்போது செய்யும் சில தவறுகள் பிள்ளையின் மனதையும் பாதிக்கும், கைக்காசையும் பாதிக்கும்.

முதல் தவறு, ஆடிஷன் அறையில் நடந்த ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடுவது. "கன்செர்ட்டோவைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான் போச்சு" என்று பல பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வருவார்கள். கன்செர்ட்டோ என்பது ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவோடு ஒருவர் முன்னின்று வாசிக்கும் நீண்ட இசைப்படைப்பு. ஒருவருக்குக் கிடைப்பதே பத்து, பதினைந்து நிமிடம். அதற்குள் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசை ஒன்று, பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் எழுதியதில் ஒரு பகுதி, கன்செர்ட்டோவின் தொடக்கம் என்று எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். முதல் இரண்டு பக்கத்திலேயே சுருதி, தாளம், தொனி எல்லாம் தெரிந்துவிடும் என்பதால் அடுத்ததற்குப் போகச் சொல்கிறார்கள். நடுவர் சிரித்தார், குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார் என்பதிலிருந்தும் எதுவும் தெரியாது. காரில் திரும்பி வரும்போது "என்ன கேட்டாங்க, எப்படி வாசிச்சே?" என்று துருவாமல், சாப்பிட எங்கே போகலாம் என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, வரப்போகும் முடிவைப் பிள்ளையின் திறமைக்குப் போடும் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது. இசைக் கல்லூரியில் இடம் என்பது வாத்தியத்தைப் பொறுத்தது, ஆசிரியரைப் பொறுத்தது. ஓபோ என்ற ஊதுகுழல் வாத்தியத்தைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியரிடம் இந்த ஆண்டு மூன்று பேர் படிப்பை முடித்தால் மூன்று இடம் காலியாகும். யாரும் முடிக்கவில்லை என்றால் எவ்வளவு அருமையாக வாசித்தாலும் இடம் இருக்காது. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள கர்டிஸ் இசைக் கழகத்தில் 1928-லிருந்து யாருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. மொத்த மாணவர்களே சுமார் 160 பேர்தான். ஓர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எத்தனை பசூன், எத்தனை டியூபா தேவையோ அந்த அளவுக்குத்தான் அங்கே சேர்க்க முடியும். டியூபாவுக்கு ஓர் ஆர்கெஸ்ட்ராவில் ஒரே ஒரு நாற்காலி. இந்தக் கணக்கை முடிவு வருவதற்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதலாகத்தான் காதில் விழும்.

ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆடிஷன் முடிந்த ஓரிரு நாளில் நாலு வரியில் நன்றி சொல்லிப் பிள்ளையே எழுதட்டும். அப்பாவோ அம்மாவோ எழுத வேண்டாம். அதற்குப் பிறகு "ஏதாவது தெரிந்ததா?" என்று வாராவாரம் கேட்பது கூடாது. ஆசிரியர் பதிலுக்கு "உன் வாசிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது" என்று எழுதினால் மகிழ்ச்சிதான், ஆனால் இடம் கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. சேர்க்கை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால்தான் உண்டு.

அந்தக் கடிதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் படிப்புக்கு ஒரு முடிவு, இசைக்கு ஒரு முடிவு. இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப் பள்ளியில் சேர, பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ள வேண்டும், இசைப் பள்ளியும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஓஹியோ மாநிலத்தின் ஓபர்லினில், இசையும் வேறு பாடமும் சேர்ந்த ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் கேட்டால் கலை, அறிவியல் கல்லூரி தனியாக முடிவு சொல்லும், கன்சர்வேட்டரி என்ற இசைப் பள்ளி தனியாகச் சொல்லும். முதலில் வந்த கடிதத்தைப் பார்த்து ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடிதம் எதற்கு வந்தது என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

இந்த வாரங்களில் உண்மையிலேயே செய்ய வேண்டிய வேலை பணக்கணக்குதான். அதை முடிவு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் என்னைப் பொறுத்தவரை மிகவும் விலையுயர்ந்த தவறு. உதவித்தொகைக்கான படிவங்கள் ஏதாவது பாதியில் நிற்கின்றனவா என்று ஒவ்வொரு கல்லூரியின் போர்ட்டலிலும் பாருங்கள். தாளில் ஒரு கட்டம் போட்டு, கல்லூரி வாரியாக மொத்தச் செலவை எழுதி வையுங்கள்: கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்பீடு, விமானச் செலவு. ஓர் உதாரணத்துக்கு, ஓரிடத்தில் ஆண்டுச் செலவு 85,000 டாலர், ஸ்காலர்ஷிப் 30,000. இன்னோரிடத்தில் செலவு 45,000, ஸ்காலர்ஷிப் 15,000. முதல் கடிதம்தான் பெருமையாகத் தெரியும். ஆனால் கையிலிருந்து போடவேண்டியது அங்கே 55,000, இங்கே 30,000. நான்கு ஆண்டில் வித்தியாசம் ஒரு லட்சம் டாலர். அப்புறம், அந்த ஸ்காலர்ஷிப் நான்கு ஆண்டும் வருமா, எத்தனை மதிப்பெண் இருந்தால் தொடரும், ஆர்கெஸ்ட்ராவிலோ பாடகர் குழுவிலோ கட்டாயம் இருக்க வேண்டுமா என்பதையும் பாருங்கள். தொகை போதவில்லை என்றால் வேறு கல்லூரி தந்ததைக் காட்டி, மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று பணிவாகக் கேட்கலாம். இசைக் கல்லூரிகளில் இது வழக்கம்தான், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இடத்தை உறுதிசெய்ய டெபாசிட் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசரமானது. விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைக் கல்லூரி தரவேண்டுமானால், முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வங்கி ஆவணத்தோடு காட்ட வேண்டும். அந்த ஆவணங்களை மார்ச்சிலேயே திரட்டத் தொடங்கிவிடுங்கள்.

பள்ளிப் படிப்பைக் கைவிடுவதும் இந்தக் காலத்தில் நடக்கும். இறுதி மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி கட்டாயம் பார்க்கும், அதில் பெரிய சரிவு இருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவும் முடியும். வாத்தியத்துக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுப்பது நல்லது. மாதக்கணக்கில் மூடி வைத்துவிட்டு, ஆகஸ்டில் ஒரேயடியாக நாலு மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு வலி வரலாம்.

வெயிட்லிஸ்ட், அதாவது காத்திருப்போர் பட்டியல் என்று வந்தால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் இருக்க விரும்புகிறோம் என்று போர்ட்டலில் பதில் தராவிட்டால் பல இடங்களில் பெயர் போய்விடும். பதில் தந்துவிட்டு, மே 1-க்குள் கையில் இருக்கும் வேறொரு கல்லூரிக்கு டெபாசிட் கட்டிவிடுங்கள். வெயிட்லிஸ்டில் அசைவு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அழைப்பு வந்தால் சில நாட்களுக்குள் பதில் கேட்பார்கள். ஸ்காலர்ஷிப் பணம் அதற்குள் தீர்ந்திருக்கவும் கூடும். எவ்வளவு தொகை தந்தால் போவோம், தராவிட்டால் போவோமா என்பதை ஏப்ரலிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.