எஃப்எஃப்எம்பெக்கும் ஒரு ஜிபிஎல் தலைவலியும்

மூலநிரல் தராமல் விற்கும் எங்கள் வீடியோ மென்பொருளை, எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல வீடியோ நூலகத்தைப் பயன்படுத்துவதை, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். "எல்ஜிபிஎல் என்றீர்கள், உள்ளே ஜிபிஎல் இருக்கிறதே" என்று ஒரு வரி. ஜிபிஎல் உரிமம் உள்ள நூலகத்தைச் சேர்த்து விற்றால் நம் மூலநிரலையும் தர வேண்டும்; எல்ஜிபிஎல் அதன் தளர்ந்த வடிவம். நான்கு நாள் போனது.

முதலில் ஸ்டாடிக் லிங்கை (நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்ப்பது) டைனமிக் (ஓடும்போது தனிக் கோப்பிலிருந்து ஏற்றுவது) ஆக்கினேன். பயனில்லை, அப்படி இணைத்தால் நம் மூலநிரலைத் தர வேண்டாம் என்ற சலுகை எல்ஜிபிஎல்லுக்குத்தான், ஜிபிஎல்லுக்கு இல்லை. அப்புறம் ஜிபிஎல் உரிமத்தில் வரும் எக்ஸ்264 என்ற வீடியோ என்கோடரை அழைக்கும் வரிகளை நீக்கினேன். அதுவும் வீண். லினக்ஸ் தொகுப்பிலிருந்து எடுத்த எஃப்எஃப்எம்பெக், 'எனேபிள் ஜிபிஎல்' ஃபிளாக் (மூலநிரலைத் தொகுத்துக் கட்டும்போது தரும் தேர்வு) போட்டுக் கட்டப்பட்டது. அப்படிக் கட்டினால், எக்ஸ்264-ஐத் தொட்டாலும் தொடாவிட்டாலும் நூலகம் முழுக்க ஜிபிஎல்தான்.

சரி, அந்த ஃபிளாக் இல்லாமல் நானே கட்டினேன். ஹெச்.264 வீடியோ வடிவத்துக்கு எக்ஸ்264-க்குப் பதிலாக, பிஎஸ்டி என்ற தளர்வான உரிமத்தில் வரும் ஓப்பன்ஹெச்264. கட்டிய எஃப்எஃப்எம்பெக்கை ஹைஃபன் பெரிய எல் (உரிமத்தைக் காட்டும் தேர்வு) போட்டு ஓட்டினால் 'எல்ஜிபிஎல்' என்றது. ஆனால் எங்கள் மென்பொருளுக்குள், நூலகத்தின் உரிமத்தைச் சொல்லும் ஏவியுட்டில் லைசென்ஸ் ஃபங்ஷனை அழைத்தால் இன்னும் 'ஜிபிஎல்'! ஒரே கணினியில் இரண்டு பதில்.

நிரல் எந்த நூலகங்களை ஏற்றுகிறது என்று சொல்லும் எல்டிடி கட்டளை காட்டிக்கொடுத்தது: எங்கள் நிரல் ஏற்றியது என் நூலகத்தை அல்ல, லினக்ஸின் யூஎஸ்ஆர் லிப் கோப்புறையில் கிடந்த பழையதை. ஆர்பாத்தை (நிரல் தன் நூலகங்களைத் தேடும் பாதை) எங்கள் கோப்புறைக்குத் திருப்பியதும் அங்கேயும் எல்ஜிபிஎல் வந்தது. உரிம வாசகத்தையும், கட்டிய எஃப்எஃப்எம்பெக் மூலநிரலையும் சேர்த்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு பில்டிலும் அந்த ஃபங்ஷன் தரும் பதிலைச் சோதித்த பிறகே வெளியிடுகிறோம்.