ஆவணி இடிமழை: மேற்கே ஒரு கண் இருக்கட்டும்

ஆவணி, புரட்டாசியில் நம் ராமநாதபுரம் பக்கம் வரும் மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. பகலெல்லாம் வெயில் காய்ச்சும். மூன்று, நான்கு மணிக்கு மேல் மதுரை, சிவகங்கைப் பக்கம் மேகம் திரண்டு, இருட்டும் நேரத்தில் கடற்கரையை எட்டும். பரமக்குடியில் கொட்டும், தேவிபட்டினத்தில் தூறல்கூட இருக்காது. அதனால் காலையில் கேட்ட செய்தி போதாது. வானிலை மையம் அடுத்த 3 மணி நேரத்துக்குத் தரும் முன்னறிவிப்பை மாலையில் ஒருமுறை பாருங்கள். மின்னலுக்கென்றே ‘தாமினி’ செயலியும் இருக்கிறது.

போன் கையில் இல்லையா? மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; உடனே கான்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

நம் ஊரில் ஆபத்து பனைமரம்தான். ஆடு மேய்ப்பவர்கள் பழக்கதோஷத்தில் அதனடியில் ஒதுங்குகிறார்கள். வெட்டவெளியில் உயரமாக நிற்பது அதுதானே! உப்பளத்தில் அதுகூட இல்லை, உயரமானது நீங்கள்தான். தகரக் கொட்டகையும் காப்பாற்றாது.

மழைக்கு முன்னால் திடீரென்று குளிர்காற்று வீசினால் நேரம் அதிகமில்லை. நாட்டுப்படகில் இருப்பவர்கள் அதற்கும் முன்பே, மேற்கு கறுக்கும்போதே கரை திரும்புவது நல்லது. அப்புறம், காயப்போட்ட கருவாட்டை நான்கு மணிக்கே அள்ளிவிடுங்கள்.